தொட்டு அளந்த உடை: பழைய கோட்டின் பொருத்தம் குறித்துச் சில எண்ணங்கள்

பல்கலைக்கழக வளாகங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய விருப்பம் தலைகாட்டுகிறது. தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த கோட்டு, பழைய துணிச் சந்தையில் வாங்கிய உயர் இடுப்புக் கால்சட்டை, அகன்ற காலர் வைத்த பருத்திச் சட்டை ஆகியவற்றை ஆய்வு மாணவர்கள் விரும்பி அணிகின்றனர். கருத்தரங்க மேடைகளிலும் இவற்றைக் காண முடிகிறது. இந்த விருப்பத்தோடு ஒரு வாதமும் சேர்ந்தே வருகிறது. அக்காலத்து உடை உடம்போடு பொருந்தி நின்றது, இக்காலத்து உடை உடம்பை இறுக்கிப் பிடிக்கிறது என்பதே அந்த வாதம்.

இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்தப் பாதிக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தவறானது. மறுபாதியோ வசதியாக மறக்கப்பட்டுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சிந்திக்கப் புணே நகரின் ஏரவாடாவைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. காந்தி பலமுறை அடைபட்டிருந்த மத்தியச் சிறை, 1942 முதல் 1944 வரை அவர் காவலில் வைக்கப்பட்டிருந்த ஆகா கான் மாளிகை, மொழியியல் ஆய்வுக்குப் பெயர் பெற்ற டெக்கான் கல்லூரி ஆகிய மூன்றும் இப்பகுதியில்தான் உள்ளன. உடை, உடல், சொல் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க இவை போதும்.

முதலில் உண்மையான பாதியை எடுத்துக்கொள்ளலாம். நகரப் பேருந்தில் நின்றுகொண்டு மேற்கம்பியைப் பிடிக்கும் ஒருவர் இன்றைய ஆயத்தக் கோட்டு அணிந்திருந்தால், கையோடு கோட்டு முழுவதும் மேலே எழும். தோள் காதை நெருங்கும். வயிற்றுப் பொத்தான் நெஞ்சுக்கு ஏறும். இதற்குக் காரணம் தையற்காரர்கள் ஆர்ம்ஹோல் என்றே சொல்லும் கைக்குழி. பலவகை உடல்களுக்கும் ஒரே கோட்டு நுழைய வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலை அக்குழியைப் பெரிதாகவும் தாழ்வாகவும் வெட்டுகிறது. குழி தாழும்போது கையும் உடற்பகுதியும் ஒன்றாகக் கட்டுண்டுவிடுகின்றன. நல்ல தையற்காரர் ஒருவருக்கென்றே தைத்த பழைய கோட்டில் கைக்குழி அக்குளுக்கு மிக அருகில், சிறிதாக அமையும். பார்வைக்கு அது இறுக்கமாகத் தோன்றலாம். அணிந்தவருக்கோ கையைத் தனியே அசைக்கும் விடுதலை கிடைக்கும். சிறிய குழி கூடுதல் அசைவைத் தருகிறது என்பது வடிவியல் சார்ந்த உண்மை. இந்திய அங்கர்க்காவும் குர்தாவும் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. நேர்க்கோட்டில் வெட்டிய கைக்கும் உடலுக்கும் இடையே அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டை வைத்துத் தைத்தனர். கை உயரும்போது அத்துண்டு விரிந்துகொடுத்தது.

கால்சட்டையின் கதையும் இத்தகையதே. இடுப்புப் பட்டியிலிருந்து கவட்டுத் தையல் வரையான உயரமே அமர்வதன் சுகத்தைத் தீர்மானிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கால்சட்டை தொப்புளை ஒட்டிய இயல்பான இடுப்பில் நின்றது. முன்புறத்தில் ஓரிரு மடிப்புகள் இருந்தன. நிற்கும்போது மூடியிருக்கும் அம்மடிப்புகள் அமரும்போது விரிந்து தொடைக்கு இடம் கொடுத்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டி இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கியது; மடிப்பும் மறைந்தது. தரையில் சம்மணமிட்டு உண்ணும், தாழ்ந்த திண்ணையில் அமரும், குனிந்து செருப்பை அவிழ்க்கும் பழக்கங்கள் உள்ள நாட்டில் இவ்வெட்டு எவ்வளவு பொருந்தாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. இழந்த இடத்தை ஈடுசெய்ய வந்ததே நீளும் இழை. 1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இன்று பெரும்பாலான ஆண்களின் கால்சட்டைகளில் ஓரிரு விழுக்காடேனும் கலந்திருக்கிறது. வெட்டு செய்ய வேண்டிய வேலையை இன்று இழை செய்கிறது. அந்த இழை வெப்பத்திலும் சலவையிலும் தளர்ந்ததும் உடையின் ஆயுளும் முடிந்துவிடுகிறது.

மூன்றாவதாக, தையலுக்குள் மறைந்திருக்கும் துணி. பழைய கால்சட்டையின் பின்தையலைப் பிரித்தால் இருபுறமும் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ துணி இருக்கும். உடல் பருத்தால் பிரித்துக் கொடுக்கலாம். மெலிந்தால் பிடித்துக் கொடுக்கலாம். அண்ணன் அணிந்தது தம்பிக்கு வந்ததும் இந்த உள்துணியின் தயவால்தான். இன்றைய ஆயத்த உடையில் இயந்திரம் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிறது. மிச்சமென்று ஏதுமில்லை. ஆயிரக்கணக்கான உடைகளில் அரை அங்குலம் மிச்சப்படுத்துவது தொழிற்சாலைக்குப் பெரும் இலாபம். அணிபவரின் உடல் மாறும் என்ற எண்ணத்திற்கோ அக்கணக்கில் இடமில்லை.

ஆகவே பழைய உடை சுகமானது என்ற கூற்றில் பொருள் உண்டு. எனினும் அந்தச் சுகத்திற்குப் பழமை காரணமன்று. ஒரே உடலை முன்நிறுத்தி அளந்து, வெட்டி, போட்டுப் பார்த்துத் திருத்தியதே காரணம். இதை ஏற்காவிட்டால் பழமை என்ற பெயரில் எல்லாமே புனிதமாகிவிடும். கஞ்சியிட்டுப் பலகைபோல் நின்ற கழற்று காலர் கழுத்தை அறுத்தது. அன்றைய கோட்டுகளின் தடித்த கம்பளித் துணி புணேயின் ஏப்ரல், மே மாதங்களுக்கு ஏற்றதன்று. எழுபதுகளின் பெல்பாட்டம் கணுக்காலில் அகன்றதே தவிரத் தொடையிலும் பின்புறத்திலும் இறுக்கிப் பிடித்தது. டெரிலின் சட்டை கசங்காது என்று கொண்டாடப்பட்டது. ஆனால் வியர்வையை அது உறிஞ்சவில்லை. இன்னொன்றையும் கருத வேண்டும். இன்று வரை பிழைத்திருக்கும் பழைய உடைகள் அன்று அணியப்பட்ட உடைகளின் சராசரி மாதிரி அல்ல. திருமணத்திற்குத் தைத்து, ஓரிரு முறை அணிந்து, நாப்தலின் உருண்டையோடு பெட்டியில் வைத்த கோட்டுகளே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. அன்றாடம் அணிந்த மட்டமான உடைகள் கிழிந்து, கரித்துணியாகி மறைந்தன. எஞ்சியவற்றைக் கொண்டு ஒரு காலத்தையே அளப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

இங்கே சொற்கள் சிலவற்றைக் கவனிப்பது பயன் தரும். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த தைத்த உடைக்கு மெய்ப்பை என்ற சொல் ஆளப்பட்டிருக்கிறது. மெய்யை இட்டு வைக்கும் பை என்பது அதன் பொருள். உடலைவிடச் சற்றுப் பெரிதாக, உடல் புகுந்து வெளிவரக்கூடியதாக இருப்பதே பையின் இலக்கணம். சட்டை என்ற சொல்லோ பாம்பு உரிக்கும் தோலையும் குறிக்கிறது. வளரும் உடலுக்கு இடம் போதாமல் போகும்போது பாம்பு அதைக் கழற்றிவிடுகிறது. ஆக, உடலுக்கும் உறைக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும் என்ற அறிவு இவ்விரு சொற்களிலும் பொதிந்திருக்கிறது. இன்றைய விளம்பர மொழி புகழும் ‘ஸ்லிம் ஃபிட்’ அந்த இடைவெளியையே குறையாகக் காண்கிறது.

அளவு, பொருத்தம் ஆகிய சொற்களும் வேறுபட்டவை. அளவு ஒரு பொருளுக்கு உரியது. பொருத்தம் இரண்டுக்கு இடையே நிகழ்வது. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் சமூகம் இவ்வேறுபாட்டை நன்கு அறியும். ஆயத்த உடைக் கடையில் ‘என்ன சைஸ்?’ என்று கேட்கின்றனர். விடை ஓர் எண்ணாகவோ எழுத்தாகவோ இருக்க வேண்டும். அந்த எண்ணும் நம்பத்தக்கதன்று. முப்பத்தாறு என்று அச்சிட்ட இடுப்புப் பட்டியை நாடாவால் அளந்தால் பல நேரங்களில் அதற்கு மேல் காட்டும். தெருமுனைத் தையற்காரர் எண்ணைக் கேட்பதில்லை. நாடாவை எடுத்துத் தோள், நெஞ்சு, இடுப்பு, சீட்டு, தொடை, பாட்டம் என்று தாமே அளந்து சீட்டில் குறித்துக்கொள்கிறார். வலத்தோள் சற்றுத் தாழ்ந்திருப்பதையும் முதுகு கூனியிருப்பதையும் சொல்லாமலேயே கவனித்துவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் மறக்கப்பட்ட மறுபாதி தொடங்குகிறது. அளவெடுத்தல் என்பது தொடுதல். கழுத்தில், அக்குளில், தொடையின் உட்புறத்தில் ஓர் அயலாரின் விரல் படாமல் நல்ல கோட்டு உருவாகாது. அப்படியானால் தொடுவதையே தீட்டு என விதித்திருந்த சமூகத்தில் பொருத்தமான உடை யாருக்குக் கிடைத்திருக்கும்? பழைய தையலின் பொற்காலம் என்று புகழப்படும் அதே 1930களை எடுத்துக்கொள்ளலாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ உடுத்தக் கூடாது, கோட்டு, சட்டை, பனியன் ஆகியவற்றை அணியக் கூடாது, குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் சாதி குறித்த தம் நூலில் இத்தடைகளைப் பதிவுசெய்துள்ளார். கைக்குழியின் உயரம் பற்றிய நுணுக்கமான விவாதம் நடந்துகொண்டிருந்த அதே உலகில், சட்டை என்ற பொருளே ஒரு மக்கள் பிரிவுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1932 செப்டம்பர் 24 அன்று, ஏரவாடா சிறையில் உண்ணாநோன்பிலிருந்த காந்திக்கும் அம்பேத்கருக்கும் இடையிலான பேச்சுவார்த்தை புணே ஒப்பந்தமாக முடிந்தது. தமிழகத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசன், எம். சி. இராஜா, இராஜாஜி ஆகியோரும் அதில் கையொப்பமிட்டனர். தனித்தொகுதி உரிமை பற்றிய அவ்வொப்பந்தத்தின் நியாய அநியாயங்கள் இங்கே விவாதப் பொருள் அல்ல. எனினும் அந்த இரு தலைவர்களும் உடை வழியாக மேற்கொண்ட எதிரெதிர்ப் பயணங்கள் இங்கு நினைக்கத்தக்கவை.

காந்தி பொருத்தமான உடையின் சுவையை அறியாதவர் அல்லர். 1888இல் இலண்டன் சென்றபோது பம்பாயில் தைத்த உடைகள் அங்கே எடுபடா என்றெண்ணிப் புதியன வாங்கியதையும், பாண்ட் தெருவில் மாலை உடை ஒன்றுக்குப் பத்துப் பவுன் செலவழித்ததையும் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்த நிலையிலிருந்து படிப்படியாக விலகி, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரையாடையோடு வெளியே வந்தார். அதற்குப் பின் தையற்காரரின் நாடா அவருக்குத் தேவைப்படவில்லை. ஏரவாடாவின் பெயரையே தாங்கிய பெட்டி இராட்டையில் நூற்ற நூலும் வெட்டப்படாத துணியுமே அவர் உலகம்.

அம்பேத்கரின் பயணம் இதற்கு நேர்மாறானது. பள்ளியில் மற்ற மாணவர்களிடமிருந்து விலகி ஒரு கோணித் துணியின்மீது அமர வேண்டியிருந்தது. பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாள்கூட அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் அதை வீட்டிற்கு எடுத்துச் சென்று மறுநாள் கொண்டுவர வேண்டியிருந்தது. 1901இல் தந்தையைக் காணப் புறப்பட்ட பயணத்தையும் அவர் எழுதியிருக்கிறார். அதற்காகவே ஆங்கிலச் சட்டை, ஒளிரும் தொப்பி, புதிய காலணி, பட்டுக்கரை வேட்டி ஆகியவை சிறுவர்களுக்கு வாங்கப்பட்டன. மசூர் நிலையத்தில் இரயில் நிலைய அதிகாரி அவர்களை உடையைக் கண்டு பிராமணச் சிறுவர்கள் என்றே எண்ணினார். சாதியைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் அவர்களை ஏற்றிச் செல்ல முன்வரவில்லை, குடிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை. நல்ல உடை எவ்வளவு தூரம் காப்பாற்றும், எங்கே கைவிடும் என்பதை ஒன்பது பத்து வயதில் அறிந்த ஒருவர், பிற்காலத்தில் கோட்டையும் கழுத்துப்பட்டையையும் தம் பொது அடையாளமாக ஏற்றார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்தவரின் வழக்கம் என்று மட்டும் அதைச் சுருக்க முடியாது. நாட்டின் சிற்றூர்களிலெல்லாம் நிற்கும் நீலக் கோட்டுச் சிலைகள் அதன் பொருளை நன்கு உணர்ந்தவர்களால் எழுப்பப்பட்டவை.

தைத்த உடையைத் துறப்பதற்கு முதலில் அது கைவசம் இருக்க வேண்டும். பாண்ட் தெருவின் கோட்டைக் களைந்தவருக்கு அரையாடை அறமாயிற்று. முழங்காலுக்குக் கீழே உடுத்தினால் தண்டனை என்ற ஊரில் பிறந்தவருக்கு அரையாடை வெறும் கட்டளை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து எது எளிமை, எது ஆடம்பரம் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் கல்விப்புலத்தில் இன்றும் நீடிக்கிறது. அது கைவிடப்பட வேண்டும்.

வேட்டிக்கு அளவே இல்லையே, எல்லா உடலுக்கும் பொருந்தும் சுகமான உடை அதுவல்லவா என்று இங்கு ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நான்கு முழம், எட்டு முழம் என்பவை துணியின் அளவுகளே தவிர அணிபவரின் அளவுகள் அல்ல. பருத்தாலும் மெலிந்தாலும் கட்டுபவரே ஒவ்வொரு காலையும் பொருத்தத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறார். வெப்ப நாட்டின் உடை அறிவில் இது உச்சம். ஆனால் கட்டத் தெரியாத தலைமுறைக்காக வந்த ஒட்டிக்கோ வேட்டி, பட்டியும் பையும் வைத்து, அளவில்லாத உடைக்கும் இடுப்பளவைக் கொண்டுவந்துவிட்டது. அணிபவரின் கையிலிருந்த திறன் உற்பத்தியாளரிடம் செல்லும் அதே நகர்வை இங்கும் காணலாம்.

அந்த நகர்வின் தொடக்கமும் ஏரவாடாவுக்குத் தொலைவானதன்று. சிறைக்கைதிக்குத் தரப்படும் சீருடையை யாரும் அளவெடுத்துத் தைப்பதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்ற வகைகளில் ஒன்றை வாங்கி அணிய வேண்டியதுதான். உலக வரலாற்றிலும் ஆண்களுக்கான அளவு வகைகள் படைமுகாமிலிருந்தே கடைக்கு வந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சீருடை தைப்பதற்காகத் திரட்டப்பட்ட படைவீரர்களின் அளவுகள் போருக்குப் பிறகு ஆயத்த உடைத் தொழிலுக்கு அடிப்படையாயின. சராசரி உடல் என்ற கருத்து படைமுகாமிலிருந்து கல்லூரி மாணவரின் அலமாரிக்கு வந்து சேர்ந்த வழி இதுவே. இந்தியாவில் நெடுங்காலம் அயல்நாட்டு அளவு அட்டவணைகளே சற்றுத் திருத்திப் பயன்படுத்தப்பட்டன. இக்குறையைப் போக்க நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் 15 முதல் 65 வயது வரையான 25,000 பேரை ஆறு நகரங்களில் முப்பரிமாண வருடிகளால் அளக்கும் திட்டத்தை அறிவித்தது. வரவேற்கத்தக்க முயற்சி அது. எனினும் அதுவும் கூடுதல் துல்லியமான சராசரியையே தரும். தாழ்ந்த வலத்தோளுக்குச் சராசரியில் இடமில்லை.

ஆயத்த உடையை முற்றிலும் பழிப்பதும் முறையாகாது. விலைச்சீட்டு ஒட்டிய சட்டை வாங்குபவரின் சாதியைக் கேட்பதில்லை. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை என்பதாலேயே தொடாமையின் இழிவிலிருந்து அது பலரை விடுவித்தது. பெயரில்லாத தொழிற்சாலையின் சட்டையை அணிந்து நகரத்தில் பெயரில்லாதவராக நடக்கும் உரிமை சிறியதன்று. பழைய தையலுக்காக ஏங்குபவர்கள் இந்த விடுதலையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு, அந்த விடுதலையை இழக்காமலேயே பொருத்தத்தை மீட்க இயலுமா என்று கேட்கலாம்.

இயலும் என்றே தோன்றுகிறது. வழி பழைய துணிச் சந்தையில் இல்லை. பிறர் உடலுக்கு அளந்து தைத்த கோட்டை வாங்கி அணிவது, ஆயத்த உடையிலேயே ஒருவகை. அதன் சராசரி ஒரே ஒரு மனிதர் என்பதுதான் வேறுபாடு. நகர்ப்புறத் தெருமுனைகளில் இன்னும் எஞ்சியிருக்கும் தையற்கடையே வழி. அங்கே கோட்டு தைக்க வசதியில்லாத மாணவரும் ஒரு கால்சட்டையைத் தைத்துக்கொள்ள முடியும். இடுப்புப் பட்டியைச் சற்று உயர்த்தவும், முன்புறம் ஒரு மடிப்பு வைக்கவும், உள்ளே ஓர் அங்குலம் துணி விடவும் கேட்டால் போதும். நன்றாகப் பொருந்திய ஒரு பழைய சட்டையை அளவுச் சட்டையாகக் கொடுத்துப் புதியது தைக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உண்டு. பழையதிலிருந்து கற்றுக்கொள்வதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை.

கல்விப்புலம் செய்யக்கூடியவையும் இரண்டு உண்டு. ஆகா கான் மாளிகையில் காந்தியின் உடைகளும், புணேயின் சிம்பயாசிஸ் வளாகத்திலுள்ள அம்பேத்கர் அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளும் பாதுகாக்கப்படுகின்றன. பார்வையாளர் கண்ணாடிக்கு இப்பால் நின்று வணங்கிச் செல்கின்றனர். அத்தகைய உடைகளின் வெட்டு, தையல் முறை, கைக்குழியின் சுற்றளவு, உள்ளே விடப்பட்ட துணி, திருத்தப்பட்ட இடங்கள் ஆகியவற்றை அளந்து வரைபடமாக வெளியிட்டால் உடை வரலாறு நினைவஞ்சலியைக் கடந்து அறிவாக மாறும். இரண்டாவது பணி மொழியியலாளர்களுடையது. காஜா, பட்டி, பக்ரம், பிடித்துக் கொடுத்தல், பிரித்துக் கொடுத்தல், அளவுச் சட்டை எனத் தையற்கடையில் புழங்கும் சொற்களில் தமிழும் உருதுவும் ஆங்கிலமும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று தைக்கப்பட்டுள்ளன. அச்சொற்களோடு அவை குறிக்கும் கைத்திறனும் ஒரு தலைமுறைக்குள் மறையக்கூடும். அகராதிகள் அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை.

பழைய கோட்டின் சுகத்தில் இன்றைக்கு மீட்கத்தக்கது அதன் அகன்ற காலரோ கம்பளித் துணியோ அன்று. எதிரே நிற்பவரின் உடலைச் சராசரியோடு ஒப்பிடாமல், அதன் கோணலோடும் கூனலோடும் ஏற்று, தொட்டு அளக்கும் பழக்கமே மீட்கத்தக்கது. முற்காலத்தில் அப்பழக்கம் சிலருக்கு மட்டுமே வாய்த்தது. அதை எல்லோருக்கும் உரியதாக்க முடிந்தால், பழமையை விரும்புவதில் பிழையொன்றும் இல்லை.